இன்டர்மிட்டென்ட் ஃபாஸ்டிங்: சென்னை வீட்டுச் சமையலோடு எடை குறைக்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

எனக்கு வயது 44. வீடு மேற்கு மாம்பலம், வேலை கிண்டியில், கணக்குப் பிரிவில். உயரம் 158 செ.மீ. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் எடை 79 கிலோ. சாப்பிடும் நேரத்தை மாற்றி, தட்டையும் மாற்றி, 14 மாதத்தில் 70 கிலோவுக்கு வந்தேன். அதன் பிறகு அக்கம்பக்கத்து வீடுகளிலும், அலுவலகத்திலும், காலையில் நடேசன் பூங்காவில் கூட நடப்பவர்களும், சொந்தக்காரர்களும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. படித்துத் தெரிந்துகொண்டதையும், எனக்கு மருத்துவர் சொன்னதையும், என் வீட்டில் நடந்ததையும் மட்டுமே சொல்கிறேன்.

இன்டர்மிட்டென்ட் ஃபாஸ்டிங் என்றால் சரியாக என்ன?

ஒரு நாளின் 24 மணி நேரத்தைச் சாப்பிடும் நேரம், சாப்பிடாத நேரம் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வது. 16:8 என்றால் 16 மணி நேரம் சாப்பாடு இல்லை, மீதி 8 மணி நேரத்துக்குள் எல்லாச் சாப்பாடும் முடிந்துவிட வேண்டும். 14:10, 12:12 என்பதும் அதே கணக்குதான். 5:2 என்பது வேறு மாதிரி: வாரத்தில் ஐந்து நாள் வழக்கம்போல, இரண்டு நாள் மட்டும் 500 முதல் 600 கலோரி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் இருப்பவர்களும், நாளுக்கு ஒரே வேளை சாப்பிடுபவர்களும் உண்டு. நான் இருப்பது 14:10. இரவு ஏழரைக்குள் முடிப்பேன், மறுநாள் காலை ஒன்பதரைக்கு அலுவலகத்தில் டிபன்.

நம் பாட்டிமார் இருந்த ஏகாதசியும் இதுவும் ஒன்றுதானே?

உடம்புக்குச் சாப்பாட்டிலிருந்து ஓய்வு கொடுப்பது என்ற அளவில் ஒன்று. மற்றபடி நோக்கமே வேறு, விரதம் சாமிக்காக இருப்பது. தொடர்ந்து தினமும் இருப்பதும் இல்லை. அதோடு, நம் வீடுகளில் அமாவாசைக்கும் கிருத்திகைக்கும் மதியம் ஒரு வேளை இலை போட்டுச் சாப்பிட்டால், இரவு ‘பலகாரம்’ உண்டு. சாதம் சாப்பிடக் கூடாது என்பதால் இட்லி, தோசை, ரவா உப்புமா. சாதத்தை விட்டு தோசைக்குப் போனால் எடை குறையாது, இரண்டும் அரிசிதான்.

சௌகார்பேட்டையில் ஜைனக் குடும்பங்கள் சூரியன் மறைவதற்குள் இரவுச் சாப்பாட்டை முடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். எடை குறைக்கும் நோக்கத்துக்கு அந்தப் பழக்கம்தான் இதற்கு மிக நெருக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. ரம்ஜான் நோன்பு தண்ணீரும் இல்லாமல் இருப்பது, சாப்பாடும் இரவில் வருகிறது. அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உண்மையிலேயே எடை குறையுமா? ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

குறையும். ஆனால் கடிகாரத்தால் மட்டும் குறையாது. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் மிச்சம்.

அமெரிக்காவில் 116 பேரை வைத்து 12 வாரம் நடந்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் மதியம் 12 மணியிலிருந்து இரவு 8 மணிக்குள் மட்டும் சாப்பிட்டார்கள், எவ்வளவு வேண்டுமானாலும். இன்னொரு பிரிவினர் வழக்கம்போல மூன்று வேளை. முதல் பிரிவில் சராசரியாக 0.94 கிலோ குறைந்தது, மற்றவர்களுக்கு 0.68 கிலோ. வித்தியாசம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. 2022-இல் சீனாவின் குவாங்சோவில் 139 பேரிடம் ஒரு வருஷம் பார்த்தார்கள். இரண்டு பிரிவுக்கும் ஒரே கலோரி அளவு: ஆண்களுக்கு 1500 முதல் 1800, பெண்களுக்கு 1200 முதல் 1500. ஒரு பிரிவு மட்டும் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் சாப்பிட்டது. அவர்களுக்கு 8 கிலோ, மற்றவர்களுக்கு 6.3 கிலோ குறைந்தது. புள்ளியியல் கணக்கில் இந்த இடைவெளியும் உறுதியானது இல்லை. ஆனால் இரண்டு பிரிவுமே நன்றாக இளைத்தன என்பதைக் கவனியுங்கள்.

ஆக, குறைவாகச் சாப்பிட்டால்தான் எடை குறைகிறது. நேரக் கட்டுப்பாடு, குறைவாகச் சாப்பிடுவதற்கு ஒரு வேலி மாதிரி உதவுகிறது. தினமும் கலோரி எழுதிவைக்க எனக்குப் பொறுமை கிடையாது, ஏழரைக்கு மேல் வாயைத் திறக்க மாட்டேன் என்று இருக்க முடிந்தது. அந்த அளவுக்கு இது எனக்கு உதவியது. கலோரி எழுதுவது உங்களுக்குச் சுலபம் என்றால் அதையே செய்யுங்கள், பலன் ஒன்றுதான்.

யாரெல்லாம் இருக்கவே கூடாது?

கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், 18 வயது ஆகாதவர்கள், ஏற்கெனவே எடை குறைவாக இருப்பவர்கள், பட்டினி கிடந்து பிறகு அளவில்லாமல் சாப்பிடும் மனப் பிரச்சினை எப்போதாவது இருந்தவர்கள் இதைத் தொட வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள், சுகர் மாத்திரை போடுபவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பித்தப்பையில் கல் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. வயது எழுபதைத் தாண்டியவர்களுக்குத் தசை கரைவது பெரிய ஆபத்து, அவர்களும் கேட்டுவிட்டுத்தான்.

சுகர் இருக்கிறது, மாத்திரை போடுகிறேன். ஃபாஸ்டிங் இருந்தால் சுகர் குறையும் என்கிறார்களே?

இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் சித்தப்பா விஷயம் இது.

அவருக்கு 63 வயது, கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறவர். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் 16 மணி நேரம் இருக்க ஆரம்பித்தார். மாத்திரையைக் காலை வழக்கம்போல விழுங்கிவிட்டார், டிபனை விட்டுவிட்டார். மூன்றாவது நாள் பதினொன்றரை மணிக்கு பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது கை நடுங்கி, சட்டை முழுக்க வியர்வை. பக்கத்து டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டு ஆற்றிக் கையில் கொடுத்தார். பிறகு கிளினிக்கில் பார்த்தபோதும் சுகர் 61 தான் காட்டியது. அந்த டீக்கடைக்காரருக்கு நாங்கள் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

நடந்தது இதுதான்: கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகள் சாப்பாடு வந்ததா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். வயிறு காலியாக இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும். இன்சுலின் ஊசியும் அப்படித்தான். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் ஆபத்து வேறு: நீண்ட பட்டினியில் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறலாம், அதுவும் சுகர் அளவு அதிகம் ஏறாமலே. மெட்ஃபார்மின் மட்டும் போடுபவர்களுக்கு லோ சுகர் பயம் குறைவு, ஆனால் அதைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும்.

மருத்துவர் மாத்திரை அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொடுத்த பிறகு, வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்துக்கொண்டு சுகர் உள்ளவர்களும் இருக்கிறார்கள், பலனும் பார்க்கிறார்கள். கையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கட்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் அந்த நிமிஷமே 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று ஸ்பூன் சர்க்கரை, 15 நிமிஷம் கழித்து மறுபடி பரிசோதனை. ‘இன்னும் ஒரு மணி நேரம்தானே’ என்று பொறுக்கவே பொறுக்காதீர்கள்.

எனக்கு சுகர் இல்லை. அப்போது பயமில்லையே?

கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள்? சென்னையிலிருந்து ஒருங்கிணைக்கப்பட்டு நாடு முழுக்க நடந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு 2023-இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலை என்று மதிப்பிட்டது. பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. தொடங்குவதற்கு முன் வெறும் வயிற்று சுகர், எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரி சுகர்), பிரஷர், தைராய்டு பார்த்துவிடுங்கள். சுகரும் பிரஷரும் பக்கத்திலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காசில்லாமல் பார்ப்பார்கள்.

அப்படியே ஒரு டேப் எடுத்து இடுப்பையும் அளந்து எழுதிவையுங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. என்பது எல்லை. எடை நின்றுபோகும் வாரங்களில் இந்த டேப்தான் உங்களுக்குத் தெம்பு கொடுக்கும்.

காலை டிபனை விடுவதா, இரவுச் சாப்பாட்டை விடுவதா?

என்னைக் கேட்டால் இரண்டையும் விட வேண்டாம், இரவை முன்னால் இழுங்கள்.

நம் ஊரில் பெரும்பாலானோர் காலையை விட்டுவிட்டு மதியம் 12 முதல் இரவு 8 என்று ஆரம்பிக்கிறார்கள், சுலபம் என்பதால். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு மாதம் ஆகியும் அரை கிலோதான் குறைந்தது. ஏன் என்று ஒரு வாரம் எழுதிப் பார்த்தேன். மதியம் பசி வெறியில் சாதம் அதிகம். இரவு ‘எட்டு மணிக்குள் முடிக்கணும்’ என்ற அவசரத்தில் ஏழே முக்காலுக்கு நாலு தோசை, மேலே வாழைப்பழம், கூடவே கையில் கிடைத்த முறுக்கு. காலையில் மிச்சம் பிடித்ததெல்லாம் இரவில் போய்ச் சேர்ந்தது.

உடம்பும் காலையில் சர்க்கரையைக் கையாளும் அளவுக்கு இரவில் கையாளாது. அதே இட்லி, காலை எட்டு மணிக்கு ஏற்றும் சர்க்கரையைவிட இரவு பத்து மணிக்கு அதிகமாக ஏற்றும். அமெரிக்காவில் 2018-இல், நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த எட்டு ஆண்களை மாலை 3 மணிக்குள் சாப்பாட்டை முடிக்க வைத்துப் பார்த்தார்கள். எடை மாறாமலே இன்சுலின் நன்றாக வேலை செய்தது, பிரஷரும் இறங்கியது. எட்டே பேர் என்பதால் இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. மூன்று மணிக்குச் சாப்பாட்டை முடிப்பது வேலைக்குப் போகும் யாருக்கும் நடக்கவும் நடக்காது. ஆனால் இரவு ஒன்பதே முக்காலுக்குச் சாப்பிடுவதை ஏழரைக்குக் கொண்டுவர முடியும்.

எங்கள் வீட்டில் எல்லாரும் வந்து சேரவே இரவு ஒன்பது ஆகிறது. தனியாக எப்படிச் சாப்பிடுவது?

சென்னையில் இதுதான் உண்மையான தடை என்று நினைக்கிறேன், பசி இரண்டாவதுதான். கிண்டியிலிருந்து மாம்பலம் ரயிலில் பத்து நிமிஷம்கூட ஆகாது, எனக்குச் சுலபம். என் கணவர் அம்பத்தூரிலிருந்து வர எட்டே முக்கால் ஆகும். பதினெட்டு வருஷமாக அவர் வந்த பிறகு எல்லாரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். முதல் நாள் நான் ஏழு மணிக்குத் தட்டோடு உட்கார்ந்தபோது மாமியார் முகம் வாடிவிட்டது. “அவன் வர்றதுக்குள்ள நீ சாப்பிட்டா, அவன் தனியா உட்கார்ந்து சாப்பிடணுமா?” என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

நாங்கள் கண்ட வழி: அவர் சாப்பிடும்போது நானும் கூடவே உட்காருவேன், ஒரு டம்ளர் வெந்நீரோடு. பரிமாறுவது, பேசுவது எல்லாம் பழையபடி. தோசை ஊற்றும் வேலையை மட்டும் அவரிடம் கொடுத்துவிட்டேன், ஏனென்றால் கல்லுக்கு முன்னால் நின்றால் ஓரத்து முறுகலைக் கிள்ளி வாயில் போடாமல் எனக்கு இருக்க முடியாது. சனி, ஞாயிறு எல்லாருமே ஏழரைக்குச் சாப்பிடுகிறோம். ஆறு மாதம் கழித்து மாமியாரும் ஏழரைக்கு மாறினார். இரவு நெஞ்செரிச்சல் குறைந்து நன்றாகத் தூக்கம் வருகிறது என்கிறார்.

அலுவலகத்திலிருந்தே எட்டரைக்குத்தான் கிளம்புகிறீர்கள் என்றால், இரவு டப்பாவையும் கையோடு எடுத்துப்போய் ஆறரைக்கு அங்கேயே சாப்பிடுங்கள். என்னோடு வேலை செய்யும் ஒரு தம்பி அப்படித்தான் செய்கிறார், இரண்டு சப்பாத்தியும் கொண்டைக்கடலைக் குருமாவும்.

காலை ஃபில்டர் காபி குடிக்கலாமா?

நூறு பேர் கேட்டால் தொண்ணூறு பேர் கேட்பது இதைத்தான்.

பால், சர்க்கரை இல்லாத வெறும் டிகாக்‌ஷனில் வெந்நீர் கலந்து குடிக்கலாம். பால் சேர்த்தால் சாப்பாடுதான். கணக்குப் போடுங்கள்: ஆவின் பச்சை பாக்கெட் பால் 100 மில்லி சுமார் 70 கலோரி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை 40. ஒரு டம்ளர் காபி 110 கலோரி. நான் நாளுக்கு மூன்று குடித்தேன், ஆக 330 கலோரி. கிட்டத்தட்ட ஐந்து இட்லி. அதைச் சாப்பாட்டுக் கணக்கிலேயே நான் சேர்த்ததில்லை.

கறுப்புக் காபி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அதனால் காலை ஆறு மணிக் காபியை ஒன்பதரைக்குத் தள்ளினேன், நீலப் பாக்கெட் பாலுக்கு மாறினேன், சர்க்கரையை வாரத்துக்குக் கால் ஸ்பூனாகக் குறைத்தேன். இப்போது சர்க்கரை இல்லாமல் காலை ஒன்று, மாலை நாலு மணிக்கு ஒன்று. ஆறு மணிக் காபி இல்லாமல் பொழுதே விடியாது என்பவர்கள், சர்க்கரை இல்லாமல் சின்ன டம்ளரில் குடித்துவிட்டு மற்றதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் எடை குறையத்தான் செய்யும். அதற்காக எல்லாவற்றையும் கைவிட வேண்டியதில்லை.

டீ, கிரீன் டீக்கும் இதே கணக்கு. தேன் கலந்த எலுமிச்சைத் தண்ணீர் ஃபாஸ்டிங்கில் சேராது, தேனும் சர்க்கரைதான். நெய் போட்ட காபியைக் காசு கொடுத்துக் குடிக்க வேண்டாம்.

தைராய்டு மாத்திரை, பிரஷர் மாத்திரை?

தைராய்டு மாத்திரையை எழுந்தவுடன் வெறும் தண்ணீரில் போடுங்கள், காபிக்கும் டிபனுக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால். அதனால் ஃபாஸ்டிங் கலையாது. பிரஷர் மாத்திரையில் நீர் பிரியும் வகை இருந்தால் மயக்கம் வரலாம், எடை குறையும்போது பிரஷரும் இறங்கும், அளவை மாற்ற வேண்டிவரலாம். மருத்துவரிடம் சொல்லிவையுங்கள்.

முதல் வாரம் தலைவலி, வயிற்றில் எரிச்சல். விட்டுவிடலாமா?

தலைவலிக்குப் பாதிக் காரணம் காபி நேரம் மாறியது, மீதி தண்ணீர் போதாதது. எனக்குப் பத்து நாளில் போய்விட்டது. முதல் நாளே 16 மணி நேரத்துக்குத் தாவாதீர்கள். இரவு எட்டு முதல் காலை எட்டு வரை 12 மணி நேரத்தில் ஆரம்பித்து, வாரத்துக்கு அரை மணி கூட்டுங்கள். எரிச்சல் ஒரு வாரத்தைத் தாண்டினாலோ, ஏற்கெனவே அல்சர் இருந்தாலோ 12 மணி நேரத்தோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மயக்கம், நெஞ்சு வலி, படபடப்பு என்றால் யோசிக்காமல் சாப்பிட்டுவிட்டு உதவி கேளுங்கள்.

சாப்பிடும் நேரத்தில் எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம்தானே?

இப்படிச் சொல்லித்தான் பலரை ஏமாற்றுகிறார்கள். என் ஒன்பது கிலோவில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் குறைந்தது.

எங்கள் வீட்டுத் தட்டில் சாதம்தான் எல்லாம். சாம்பாருக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம். ஒரு நாள் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், மதியம் மட்டும் 400 கிராம் சாதம். வெந்த சாதம் 100 கிராமுக்கு 130 கலோரி, அப்போது 520. பக்கத்தில் பொரியல் இரண்டு ஸ்பூன், தொட்டுக்கொள்ள.

அன்றைக்கு ஒரு எவர்சில்வர் கிண்ணம் எடுத்தேன். அம்மா சீராகக் கொடுத்தது, அடியில் பெயர் வெட்டிய கிண்ணம். தலை தட்டினால் அதில் 150 கிராம் சாதம் பிடிக்கிறது. அதன் பிறகு தராசு தேவைப்படவில்லை. மதியம் ஒரு கிண்ணம் சாதம், அதே கிண்ணத்தில் இரண்டு முறை பொரியலோ கூட்டோ கீரையோ, ஒரு முறை கெட்டிப் பருப்பு அல்லது சுண்டல், கடைசியில் மோரைச் சாதமில்லாமல் டம்ளரில். பாதிச் சாதத்தைச் சாம்பாருக்கும் மீதியை ரசத்துக்கும் வைத்துக்கொள்கிறேன். ரசத்தை விட எனக்கு மனசு வராது.

புரதம்தான் நம் சாப்பாட்டில் பெரிய ஓட்டை. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆர். 65 கிலோ உள்ளவருக்குச் சுமார் 54 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் 9 கிராம், தயிர் 100 கிராமில் 3 கிராம். மூணு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்டால் எவ்வளவு வரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் நேரத்தையும் குறைத்து, புரதமும் வராவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். நாற்பது வயதுக்கு மேல் கரைந்த தசையைத் திரும்பக் கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம். சைவம் என்றால் பயறு, கடலை, சோயா, பனீர், கெட்டித் தயிர். அசைவம் என்றால் மீன் குழம்பு நல்லது, வஞ்சிரம்தான் வேண்டும் என்றில்லை, மத்தியும் நெத்திலியும் போதும், வறுக்காமல்.

எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. எங்கள் வீட்டில் மாதத்துக்கு எத்தனை பாக்கெட் வாங்குகிறோம் என்று எண்ணிப் பார்த்து, அதில் ஒன்றைக் குறைத்தேன். சட்னி தாளிப்பையும் தோசைக்கல்லையும் தவிர வேறு எதிலும் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நடை, உடற்பயிற்சி வெறும் வயிற்றில் செய்யலாமா?

நாற்பது நிமிஷ நடை தாராளமாகச் செய்யலாம், சுகர் மாத்திரை போடாதவர்கள். பூங்காவில் நடை முடிந்ததும் நேரே ஹோட்டலுக்குப் போய் நெய்ப் பொங்கலும் வடையும் சாப்பிடுவதை மட்டும் நிறுத்துங்கள், நடையில் கரைத்ததைப் போல இரண்டு மடங்கு அந்தத் தட்டில் இருக்கும். வாரம் இரண்டு மூன்று நாள் கனம் தூக்கும் பயிற்சி கட்டாயம் வேண்டும், தசைக்காக. ஜிம் வேண்டாம் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் கேனைத் தூக்குவது. அதைச் சாப்பிடும் நேரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் இருக்க முடியுமா?

தண்ணீர் குடிக்கலாம் என்பதால் முடியும். ஆனால் கத்திரி வெயிலில் வெளியே அலைகிற வேலை என்றால் இருக்க வேண்டாம், அல்லது 12 மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வியர்வையில் உப்பும் போகிறது, வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உப்புப் போட்ட நீர்மோர் ஒரு டம்ளரில் 30 கலோரிதான். தலை சுற்றினால் மணி பார்க்காமல் குடியுங்கள். இந்த மே மாதம் நான் காலை எட்டு மணிக்கே டிபன் சாப்பிட்டுவிட்டேன், எடை ஏறவில்லை.

ஓ.எம்.ஆரில் நைட் ஷிஃப்ட். எனக்கு எந்தக் கணக்கு?

ஷிஃப்டுக்குப் போகும் முன் மாலையில் முழுச் சாப்பாடு. நள்ளிரவுக்கு மேல் பிரியாணி, பர்கர் ஆர்டர் செய்வதைத் தவிர்த்து, பசித்தால் ஒரு கை வேர்க்கடலை, சுண்டல், மோர். காலையில் வீட்டுக்கு வந்து லேசான டிபன், அப்புறம் தூக்கம். தூங்கும் நேரத்தையே உங்கள் ஃபாஸ்டிங்கின் பெரும்பகுதியாக வையுங்கள். ஷிஃப்ட் வாரத்துக்கு வாரம் மாறுகிறது என்றால் இந்த முறை உங்களுக்கு ஏற்றதில்லை, சாப்பாட்டு அளவை மட்டும் பாருங்கள்.

5:2, ஒரு நாள் விட்டு ஒரு நாள், இவை இன்னும் வேகமாகக் குறைக்குமா?

இல்லை. சிகாகோவில் 100 பேரிடம் ஒரு வருஷம் பார்த்து 2017-இல் வெளியிட்டார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இருந்தவர்களுக்கு 6 சதவீத எடை, தினமும் கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கு 5.3 சதவீதம். நடுவில் விட்டுவிட்டுப் போனவர்கள் முதல் பிரிவில்தான் அதிகம்.

முதல் மாதம் மூன்று கிலோ போனது. அப்புறம் அசையவே இல்லை. ஏன்?

முதலில் போனதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு சேர்த்துவைத்திருக்கும் கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் போலத் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும், அது கரையும்போது தண்ணீரும் போகும். கொழுப்பு கரைவது மெதுவாகத்தான், ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. வாரத்துக்கு அரை கிலோ போனால் நல்ல வேகம். வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் போனால் பித்தப்பையில் கல் உருவாகும் ஆபத்து ஏறுகிறது. எனக்கு ஐந்தாம் மாதத்திலிருந்து ஏழாம் மாதம் வரை தராசு 74-லேயே நின்றது, இடுப்பு மட்டும் 3 செ.மீ. குறைந்தது. அழுகை வந்தது. அப்போதுதான் எண்ணெயைக் கவனித்தேன்.

இதயத்துக்கு ஆபத்து என்று செய்தி வந்ததே?

2024 மார்ச்சில் சிகாகோவில் நடந்த அமெரிக்க இதயச் சங்கத்தின் மாநாட்டில் ஓர் ஆய்வை முன்வைத்தார்கள். 8 மணி நேரத்துக்குள் சாப்பிடுவதாகச் சொன்னவர்களில் இதய நோயால் இறப்பு 91 சதவீதம் அதிகம் என்றது. பயப்படும்படியான எண்தான். ஆனால் அதில் சுமார் 20,000 பேரிடம் இரண்டே நாள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு, பல வருஷம் கழித்து யார் இறந்தார்கள் என்று பார்த்தார்கள். வேலைப்பளுவால், வறுமையால், நோயால் குறைந்த நேரத்தில் சாப்பிட்டவர்களும் அதற்குள் இருப்பார்கள். ஃபாஸ்டிங்தான் காரணம் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. இருந்தாலும் இதய நோய் இருப்பவர்கள் 16 மணி நேரத்துக்குப் போக வேண்டாம் என்பேன். 12 மணி நேர இடைவெளி யாரையும் பயமுறுத்தியதில்லை.

ஆட்டோஃபேஜி நடந்து புற்றுநோயே வராது என்கிறார்கள்?

செல்கள் தங்கள் கழிவைத் தாமே அரைத்துத் திரும்பப் பயன்படுத்திக்கொள்வதுதான் ஆட்டோஃபேஜி. அது எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்ததற்காக ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அவர் ஆராய்ந்தது ஈஸ்டில். 16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் மனிதருக்குப் புற்றுநோய் வராது என்று அவர் சொல்லவில்லை. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் யாராவது இதை நம்பிச் சாப்பாட்டைக் குறைத்தால் தயவுசெய்து தடுங்கள், அவர்களுக்கு அப்போது சாப்பாடு மருந்து போல.

பீரியட்ஸ் தள்ளிப்போகிறது. இதனாலா?

இருக்கலாம். சாப்பாடு ரொம்பக் குறைந்தால் உடம்பு முதலில் நிறுத்துவது அதைத்தான். ஃபாஸ்டிங்கை நிறுத்திவிட்டு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். பீரியட்ஸுக்கு முந்தைய வாரம் பசி அதிகம் எடுத்தால் 12 மணி நேரத்தோடு விடுங்கள். நான் அப்படித்தான்.

பிளஸ் டூ படிக்கும் என் பெண் தானும் இருக்கிறேன் என்கிறாள்.

வேண்டாம். அவளுக்கு எலும்பு இன்னும் வளர்கிறது, பரீட்சை வேறு. குண்டாக இருக்கிறாள் என்று வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். வீட்டுத் தட்டை எல்லாருக்கும் மாற்றினால் அவளுக்கும் மாறும்.

கல்யாண வரவேற்பில் இரவு ஒன்பது மணிக்குத்தான் பந்தி. என்ன செய்வது?

போய்ச் சாப்பிடுங்கள். வீட்டில் ஆறு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் போனால் இலையில் கை அடங்கும். மறுநாள் டிபனை ஒரு மணி நேரம் தள்ளுங்கள், அது போதும்.

பத்து நாள் ஊருக்குப் போய் எல்லாம் கெட்டுவிட்டது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா?

வேண்டாம். நாளைக்கு இரவு ஏழரைக்குள் சாப்பிடுங்கள். ‘ஈடுகட்டுகிறேன்’ என்று 24 மணி நேரம் பட்டினி கிடக்காதீர்கள், மறுநாள் இரண்டு மடங்காகச் சாப்பிட வைக்கும். ஊரிலிருந்து வந்த அன்று தராசில் ஏறாதீர்கள், உப்பும் பலகாரமும் சாப்பிட்ட உடம்பில் தண்ணீர் நின்றிருக்கும். ஐந்தாறு நாள் கழித்து, காலையில் எழுந்ததும், எப்போதும் போடுகிற அதே உடையோடு பாருங்கள்.